பனியன் கம்பெனிப் பிள்ளைகளுக்கு உலகமயமாதல் பாடத்தை எப்படி நடத்துவது?

பல்லடம் ரோடு டீச்சர்:

வணக்கம். திருப்பூர் பக்கம் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் சமூக அறிவியல் எடுக்கிறேன். பத்தாம் வகுப்புப் பொருளியலில் ‘உலகமயமாதல் மற்றும் வர்த்தகம்’ பாடத்தை அடுத்த வாரம் ஆரம்பிக்க வேண்டும். நடத்தியவர்களுக்குத் தெரியும், பழங்கால வணிகத்தில் தொடங்கி பன்னாட்டு நிறுவனங்கள், காட் (GATT) வர்த்தக ஒப்பந்தம், உலக வர்த்தக அமைப்பு என்று மூச்சுவிடாமல் ஓடி, கடைசியில் நன்மைகள், சவால்கள் என்று வந்து நிற்கும். பிள்ளைகள் மனப்பாடம் செய்துவிடுகிறார்கள். உலக வர்த்தக அமைப்பின் தலைமையிடம் எது என்றால் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஜெனீவா என்பார்கள். அந்த ஜெனீவாவில் உட்கார்ந்து என்னதான் செய்கிறார்கள் என்று கேட்டால் வகுப்பே கப்சிப்.

என் வகுப்பில் பாதிக்கு மேல் பனியன் கம்பெனிக் குடும்பங்கள். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா நம் சரக்குக்குக் கூடுதல் வரியை 50 சதவீதமாக்கிய சமயத்தில் ஒரு பையன் எழுந்து, “டீச்சர், அந்த வரியை எங்கம்மா கம்பெனி ஓனர் கட்டணுமா, அவங்க ஊர்க்காரங்க கட்டணுமா? அம்மாவுக்கு முன்னாடி ஒன்றரை ஷிப்ட் இருந்துச்சு, இப்ப ஒரு ஷிப்டுதான்” என்றான். ஏதோ சுருக்கமாகச் சொன்னேன். அது அவனுக்குப் போதவில்லை என்று முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. இந்த வருடப் பிள்ளைகளும் அதையேதான் கேட்கப் போகிறார்கள்.

நாலைந்து பாடவேளை ஒதுக்கலாம் என்று இருக்கிறேன். அதற்கு மேல் போனால் போர்ஷன் இடிக்கும். ஹைடெக் லேப் இருக்கிறது, நெட் அதன் மனசுப்படி வரும். இன்னொரு சிக்கலும் உண்டு. ஒடிசா, பீகார் குடும்பத்துப் பிள்ளைகள் சிலர் என் வகுப்பில் இருக்கிறார்கள், தமிழ் நன்றாகவே பேசுவார்கள். போன தடவை வேலைவாய்ப்பு பற்றிப் பேசும்போது ஒரு பெண் “இவங்க வந்ததாலதான் கூலி ஏற மாட்டேங்குது” என்று சட்டென்று சொல்லிவிட்டாள். அந்தப் பிள்ளைகள் தலையைக் குனிந்துகொண்டார்கள். பேச்சை மாற்றிவிட்டுப் போய்விட்டேன். இந்தப் பாடத்தில் அது மறுபடி வராமல் இருக்காது.

யாராவது செய்து பார்த்ததைச் சொல்லுங்கள். இணையத்தில் கிடைக்கும் பாடத்திட்டங்கள் எல்லாம் வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு எழுதியவை. “உன் சட்டையை யார் தைத்தார்கள் என்று யோசித்துப் பார்” என்று ஆரம்பிக்கிறது. என் பிள்ளைகளுக்கு அது தெரியும், அம்மாதான் தைத்தது.

ஓவர்லாக்:

டீச்சர், நான் எக்ஸ்போர்ட் கம்பெனியில் ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர். அந்தப் பையன் கேட்ட கேள்வியில் எங்கள் ஆபீசிலேயே பல பேருக்குக் குழப்பம் இருந்தது, அதனால் லேசாக எடுத்துக்கொள்ள வேண்டாம். வரி கட்டுவது அமெரிக்காவில் சரக்கை இறக்குமதி செய்கிறவர். அவர் ஊர்ச் சுங்கத்துறைக்குக் கட்டுவார். இங்கிருந்து ஒரு டாலர்கூட அந்தக் கணக்கில் போவதில்லை. அப்படியானால் அம்மாவின் அரை ஷிப்ட் எப்படிப் போச்சு? இதைப் பேச்சாகச் சொன்னால் புரியாது, போர்டில் கணக்காகப் போடுங்கள்.

ஒரு காட்டன் டி-ஷர்ட், தூத்துக்குடியில் கப்பல் ஏற்றும்வரை எல்லாம் சேர்த்து நம்ம விலை 4 டாலர் என்று வைத்துக்கொள்வோம். அமெரிக்காவில் காட்டன் டி-ஷர்ட்டுக்கு வழக்கமாகவே 16.5 சதவீதம் வரி உண்டு, அது 66 சென்ட். அதன் மேல் அந்த 50 சதவீதம், 2 டாலர். ஆக பையருக்கு, அதாவது சரக்கை வாங்குகிறவருக்கு, 6.66 ஆகிறது. அதே டி-ஷர்ட்டை அவர் வங்கதேசத்திலோ வியட்நாமிலோ அதே 4 டாலருக்கு எடுத்தால், அன்றைக்கு அந்த நாடுகளுக்குக் கூடுதல் வரி 20 சதவீதம்தான், அதனால் 5.46ல் முடிந்துவிடும். நமக்கும் அவர்களுக்கும் 1.20 வித்தியாசம். இப்போது பிள்ளைகளிடம் கேளுங்கள், நாம் எவ்வளவு விலை இறக்கினால் பையருக்கு ரெண்டும் ஒன்றாகும்? 5.46ஐ 1.665ஆல் வகுத்தால் 3.28 வரும். பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் தாராளமாகப் போடுவார்கள். அதாவது 72 சென்ட் குறைக்க வேண்டும்.

அந்த 72 சென்ட்டை எங்கே பிடிப்பது என்பதுதான் உங்கள் பாடமே. நூல்காரர் குறைக்க மாட்டார். டையிங்காரர் குறைக்க மாட்டார். பட்டன், லேபிள், அட்டைப்பெட்டி எல்லாம் சில்லறைக் காசு, அதில் பிடிக்க ஒன்றும் இல்லை. மிச்சம் இருப்பது ஓனர் லாபம், ஜாப் ஒர்க் ரேட், ஓவர்டைம். இல்லையென்றால் ஆர்டரே வேண்டாம் என்று விட வேண்டும், அப்போதும் ஷிப்ட் குறையும். அந்தப் பையனுக்குப் பதில் இதுதான். வரியை அவன் அம்மா கட்டவில்லை, ஆனால் அவர் அரை ஷிப்ட் போனதற்குக் காரணம் அதுதான்.

இந்த வரி விகிதம் எப்ப வேண்டுமானாலும் மாறும். நீங்கள் நடத்துகிற அன்றைக்கு என்னவோ அதைப் போட்டுக்கொள்ளுங்கள், கணக்குப் போடும் விதம் மாறாது.

இன்னொன்று, லேபிள் கொண்டுவரச் சொல்லுங்கள். வீட்டில் ரிஜெக்ட் பீஸ் கண்டிப்பாக இருக்கும். எந்த நாட்டுக்குப் போக வேண்டியது, எத்தனை மொழியில் துவைக்கும் முறை எழுதியிருக்கிறது, விலை எந்தக் காசில் போட்டிருக்கிறது என்று பார்க்கட்டும். அப்புறம் மறுபக்கமும் பார்க்க வேண்டும். அம்மா உட்காரும் மெஷின் பெரும்பாலும் ஜப்பான் கம்பெனிப் பெயரில் இருக்கும், ஜிப்பில் ஒய்கேகே என்று மூன்று எழுத்து இருந்தால் அதுவும் ஜப்பான். திருப்பூர் என்றால் ஏற்றுமதி மட்டும் என்று நினைத்துக்கொண்டிருப்பார்கள், நாம் எவ்வளவு இறக்குமதி செய்து அதை ஏற்றுமதி செய்கிறோம் என்று அப்போதுதான் தெரியும்.

பழைய சாக்பீஸ்:

டீச்சருக்கு வணக்கம். முப்பது வருடத்துக்கு மேல் இதே பாடத்தைக் கரைத்துக் குடித்தவன், இப்போது ஓய்வில். தம்பி போட்ட கணக்கு அருமை, அதை வைத்தே முதல் பாடவேளையை ஓட்டிவிடலாம்.

ஜெனீவாவில் என்ன செய்கிறார்கள் என்ற கேள்விக்கு வருகிறேன். பாடப்புத்தகத்தில் நோக்கங்கள் இருக்கும், வேலை இருக்காது. ஒரே ஒரு வழக்கைச் சொன்னால் போதும், பிள்ளைகளுக்குப் பிடிபட்டுவிடும். பருத்தி வழக்கு. அமெரிக்கா தன் பருத்தி விவசாயிகளுக்குக் கொடுத்த மானியத்தால் உலகச் சந்தையில் விலை விழுகிறது என்று பிரேசில் 2002ல் புகார் கொடுத்தது, ஜெயித்தது. ஆனாலும் இழுத்துக்கொண்டே போய் 2014ல்தான் முடிந்தது, அமெரிக்கா பிரேசிலுக்கு 30 கோடி டாலர் கொடுத்துச் சமரசம் செய்துகொண்டது. இதில் வேடிக்கை என்னவென்றால், அதே மானியத்தால் அதிகம் அடிவாங்கியவை பெனின், புர்கினா பாசோ, சாட், மாலி என்ற நான்கு ஆப்பிரிக்க நாடுகள். 2003ல் அவர்களும் சேர்ந்து குரல் கொடுத்தார்கள். அந்த 30 கோடியில் அவர்களுக்கு ஒன்றும் இல்லை, வழக்குப் போட்டவர் பிரேசில் அல்லவா. சட்டம் எல்லோருக்கும் பொது, ஆனால் வக்கீல் வைக்கத் தெம்பு உள்ளவனுக்குத்தான் கோர்ட். இதை நம் ஊர்ப் பிள்ளைக்கு விளக்க வேண்டியதே இல்லை.

உடனே ஒருவன் கேட்பான், “அப்ப 50 சதவீதத்துக்கு நாமளும் கேஸ் போடலாமே சார்?” போடலாம். ஆனால் கீழ்க் குழு தீர்ப்புச் சொன்னதும் தோற்றவர் மேல்முறையீடு என்று ஒரு காகிதம் கொடுத்துவிட்டால் வழக்கு அந்தரத்தில் தொங்கும். மேல்முறையீட்டு அமைப்பில் ஏழு பேர் இருக்க வேண்டும், ஒரு வழக்கை விசாரிக்கக் குறைந்தது மூன்று பேர். புது ஆட்களை நியமிக்க அமெரிக்கா சம்மதிக்கவில்லை, அங்கே எல்லோரும் ஒத்துக்கொண்டால்தான் நியமனம். 2019 டிசம்பரில் ஆள் போதாமல் அது முடங்கிவிட்டது. புத்தகத்தில் ‘வர்த்தகத் தகராறுகளைத் தீர்த்தல்’ என்று ஒரு வரி இருக்கும் பாருங்கள், அதன் பக்கத்தில் இதை எழுதிப் போடுங்கள்.

உலக வர்த்தக அமைப்பு தொடங்கியது 1995 ஜனவரி 1 என்று தேதியை மட்டும் உருப்போட வைக்காதீர்கள். 2005 ஜனவரி 1 என்ற தேதியும் திருப்பூருக்கு முக்கியம். 1974 முதல் முப்பது வருடம் பணக்கார நாடுகள், இந்த நாட்டிலிருந்து இவ்வளவு துணிதான் எடுப்போம் என்று கோட்டா போட்டு வைத்திருந்தன. தாராள வர்த்தகம் என்று ஊருக்கு உபதேசம் செய்தவர்கள்தான். அந்தக் கோட்டா முழுதாக ஒழிந்தது 2005ல். உங்கள் பிள்ளைகளின் தாத்தாக்களில் கம்பெனியில் இருந்தவர்களுக்குக் கோட்டா என்றாலே தெரியும், வீட்டில் கேட்டு வரச் சொல்லுங்கள்.

நொய்யல் கரை:

தம்பி கணக்கு நல்லா இருக்குதுங்க. அந்த 4 டாலரில் எங்க கிணறு எந்தக் கணக்கில் வருதுன்னு மட்டும் சொல்லிடுங்க.

நொய்யல் ஆத்தில் ஒரத்துப்பாளையம் அணையை 1992ல் பாசனத்துக்குன்னு கட்டினாங்க. அதில் சாயத்தண்ணி வந்து நின்னுச்சு. கீழே இருந்த காடுகளில் உப்பு ஏறி தென்னை காய்ப்பை விட்டுருச்சு, மாடு அந்தத் தண்ணியை மோந்து பார்த்துட்டுத் திரும்பிடும். கடைசியில் 2011 ஜனவரியில் ஐகோர்ட் சாயப்பட்டறைகளை மொத்தமா மூடச் சொன்னதுக்கு அப்புறம்தான் சுத்திகரிப்பு ஒழுங்கா நடக்க ஆரம்பிச்சுது. அதுவரைக்கும் வெளிநாட்டுக்காரன் குறைஞ்ச விலையில் பனியன் வாங்கினான்னா, மிச்ச விலையை எங்க காடு கொடுத்துச்சு. பனியன் கம்பெனிக் குடும்பத்துப் பிள்ளைங்க உங்க வகுப்பில் இருக்கிற மாதிரி எங்க ஊருப் பிள்ளைங்களும் எங்கேயோ ஒரு வகுப்பில் உட்கார்ந்திருக்கு. அதையும் சேர்த்துச் சொல்லுங்க டீச்சர்.

ஓவர்லாக்:

அண்ணா சொல்வதை மறுக்க முடியாது. ஒரு தகவல் மட்டும் சேர்க்கிறேன், சமாளிப்பதற்காக இல்லை. 2011க்குப் பிறகு ஒரு சொட்டுக்கூட வெளியே விடாமல் சுத்திகரிக்க வேண்டும் என்பதால் அந்தச் செலவு இப்போது டையிங் ரேட்டில் ஏறி நிற்கிறது. ஆர்ஓ, ஆவியாக்கும் பிளான்ட், அதற்குக் கரண்ட், கடைசியில் மிஞ்சும் உப்புக் கசடு என்று நிறைய இருக்கிறது. அந்தச் செலவுக்கு எந்த பையரும் தனியாக ஐந்து சென்ட் கொடுத்து நான் பார்த்ததில்லை. ஆனால் அவர்கள் இணையதளத்தில் பச்சை இலை போட்டுச் சுற்றுச்சூழல் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியிருப்பார்கள். டீச்சர், போர்டில் கணக்குப் போடும்போது டையிங் செலவைக் கொஞ்சம் பெரிதாக எழுதி, இது 2011க்கு முன்னால் ஏன் குறைவாக இருந்தது என்று பிள்ளைகளிடமே கேளுங்கள்.

இரண்டு பிள்ளைகளின் அப்பா:

எல்லாம் நல்லாத்தான் இருக்கு. என் பெண்ணும் இந்த வருஷம் பத்தாவது. கேள்வித்தாளில் பருத்தி வழக்கும் வராது, நொய்யலும் வராது. பன்னாட்டு நிறுவனத்தின் நன்மை ரெண்டு எழுதுன்னுதான் வரும். நாலு பாடவேளை கதை பேசிட்டு அஞ்சாவது பாடவேளையில் புத்தகத்தை வாசித்துவிட்டால் கஷ்டப்படுறது எங்க பிள்ளைங்கதான். தப்பா நினைக்காதீங்க டீச்சர், டியூஷன் வைக்க வசதி இல்லாதவன் கேட்கிறேன்.

பழைய சாக்பீஸ்:

நியாயமான கவலை, கோபப்பட ஒன்றும் இல்லை. ஆனால் நெடுவினாவைப் பாருங்கள். உலகமயமாதலின் சவால்கள் எழுது என்று வந்தால் உருப்போட்டவன் நான்காவது பாயிண்டில் நின்று விட்டத்தைப் பார்ப்பான். 72 சென்ட் எங்கே போனது என்று கணக்குப் போட்டவன், புத்தகத்தில் உள்ள பாயிண்ட் ஒன்று விட்டுப்போனாலும் சொந்த வாக்கியத்தில் எழுதிவிட்டு வருவான். என் கையால் திருத்திய தாள்களை வைத்துச் சொல்கிறேன். ஒரு மதிப்பெண் வினாக்களுக்கு வகுப்பு ஆரம்பத்தில் ஐந்து நிமிடம் வாய்மொழியாகக் கேட்டால் போதும், தினமும்.

இன்னொரு விஷயம் சொல்ல விட்டுப்போச்சு. இப்படியே போனால் பாடம் மொத்தமும் ‘அமெரிக்கா அடிக்கிறது, நாம் அழுகிறோம்’ என்று முடிந்துவிடும். நாமும் அடிக்கிறோம். 2023 ஜூலை 20 அன்று இந்தியா பாசுமதி அல்லாத பச்சரிசி ஏற்றுமதியை ஒரே உத்தரவில் நிறுத்தியது. அடுத்த மாதம் புழுங்கல் அரிசிக்கு 20 சதவீத ஏற்றுமதி வரி போட்டது. உலக அரிசி வர்த்தகத்தில் ஏறக்குறைய 40 சதவீதம் நம்முடையது, நாம் கதவைச் சாத்தினால் என்ன ஆகும்? தாய்லாந்து, வியட்நாம் அரிசி விலை பல வருடங்களில் இல்லாத உயரத்துக்குப் போனது. அதற்கு முந்தின வருடம் குருணை ஏற்றுமதிக்குத் தடை. நாம் கோழித் தீவனம் என்று நினைக்கும் குருணை செனகலில் வீட்டுச் சாப்பாடு, அவர்கள் அதை விரும்பி வாங்குகிறவர்கள்.

இதை வகுப்பில் மூன்று கட்சியாகப் பிரித்து விடுங்கள். உள்ளூரில் அரிசி விலை ஏறுகிறதே என்று கவலைப்படும் டெல்லி அமைச்சகம் ஒன்று. நல்ல விலைக்கு ஏற்றுமதி போக வேண்டிய நேரத்தில் கதவு மூடியதால் நஷ்டப்பட்ட விவசாயியும் காக்கிநாடா வியாபாரியும் ஒன்று. செனகலில் சமைக்கிற அம்மா ஒன்று. யார் சொல்வது சரி என்று நீங்கள் தீர்ப்புச் சொல்லாதீர்கள். பிள்ளைகள் நச்சரிப்பார்கள், “நீங்க சொல்லுங்க டீச்சர்” என்று. சொல்லாதீர்கள். பச்சரிசித் தடையை 2024 செப்டம்பரில் எடுத்துவிட்டார்கள் என்பதை மட்டும் மறுநாள் சொல்லுங்கள், ஏன் எடுத்தார்கள் என்று அவர்களே சண்டை போடட்டும்.

எடிசன்வாசி:

ஐயா அரிசித் தடையைச் சொன்னதும் சிரிப்பு வந்துவிட்டது. அந்த வாரம் நியூஜெர்சி இந்தியக் கடைகளில் நடந்த கூத்து இருக்கிறதே! தள்ளுவண்டியில் ஆளுக்கு ஆறு மூட்டை, பாசுமதி மூட்டைகூட விடவில்லை. சில கடைகளில் குடும்பத்துக்கு ஒரு மூட்டைதான் என்று பேப்பரில் எழுதி ஒட்டிவிட்டார்கள். தடை பச்சரிசிக்குத்தான், இட்லி அரிசி புழுங்கல், அதற்குத் தடையே கிடையாது. ஆனால் முதலில் காலியானது இட்லி அரிசி. வாட்ஸ்அப்பில் ஒரு வீடியோ வந்தால் போதும், நம்ம ஆட்கள் உத்தரவைப் படிக்க மாட்டார்கள். செய்தியைப் படிப்பதும் உத்தரவைப் படிப்பதும் வேறு வேறு என்று காட்ட இது நல்ல உதாரணம் டீச்சர், அரசாணை சிறியதுதான், பிரிண்ட் எடுத்துக் கொடுக்கலாம்.

பல்லடம் ரோடு டீச்சர்:

எல்லோருக்கும் நன்றி, இவ்வளவு வரும் என்று எதிர்பார்க்கவில்லை. அப்பா ஒருவர் கேட்டாரே, அவருக்கு: புத்தகத்தை விட்டுவிட மாட்டேன், பயப்படாதீர்கள். தினம் ஐந்து நிமிட வாய்மொழிக் கேள்வி ஏற்கெனவே நடக்கிறது.

72 சென்ட் கணக்கை ஒன்பதாம் வகுப்பில் ஒரு ஓய்வுப் பாடவேளையில் சும்மா போட்டுப் பார்த்தேன். வகுத்தலில் தடுமாறினார்கள், ஆனால் எங்கே குறைப்பது என்று வந்ததும் ஒரே கூச்சல். ஒரு பெண் “செக்கிங்ல குறைக்கக் கூடாது டீச்சர், குறைச்சா ரிஜெக்ட் ஆகி மொத்தமும் போயிடும்” என்றாள். அவள் அக்கா செக்கிங்கில் இருக்கிறாளாம். பாடப்புத்தகம் எழுதியவர்களுக்கு இது தெரிந்திருக்குமா என்று நினைத்துக்கொண்டேன்.

வடமாநிலப் பிள்ளைகள் விஷயம்தான் யாரும் தொடவில்லை.

ஓவர்லாக்:

தொடாமல் இல்லை டீச்சர், யோசித்துக்கொண்டிருந்தேன். எங்கள் லைனில் தினமும் பார்க்கிற விஷயம் அது.

ரயிலில் இருந்து ஆரம்பிக்கலாம். தன்பாத்–ஆலப்புழா எக்ஸ்பிரஸ் திருப்பூரில் நிற்கும்போது யார் இறங்குகிறார்கள் என்று எல்லாப் பிள்ளைகளுக்கும் தெரியும். அந்த ரயில் போகும் வழியை மேப்பில் வரையச் சொல்லுங்கள், ஜார்க்கண்ட், ஒடிசா, ஆந்திரா, காட்பாடி, சேலம், ஈரோடு என்று. அடுத்து, உன் தாத்தா பாட்டி எந்த ஊர் என்று எல்லோரிடமும் கேளுங்கள். எல்லோரிடமும், அது முக்கியம், அந்த நாலு பிள்ளைகளை மட்டும் எழுப்பிக் கேட்டால் காட்சிப் பொருள் ஆக்கின மாதிரி ஆகிவிடும். மதுரை, தேனி, திண்டுக்கல், சிவகங்கை என்று பாதி வகுப்பு வெளியூர்தான் வரும். அந்தக் காலத்தில் அவர்களைப் பார்த்தும் இதே பேச்சுத்தான், தெக்கத்தி ஆட்கள் வந்து கூலியைக் கெடுத்துவிட்டார்கள் என்று என் அப்பாவே பேசிக் கேட்டிருக்கிறேன்.

அந்தப் பெண் கேட்டது முட்டாள்தனம் என்று அடக்கிவிடவும் வேண்டாம். கூலி ஏன் ஏறவில்லை என்பது நல்ல கேள்வி. பீஸ் ரேட்டை யார் முடிவு செய்கிறார்கள், நம் கூலி ஒப்பந்தத்தில் யார் கையெழுத்துப் போடுகிறார்கள், வங்கதேசத்தில் தைக்கிறவருக்கு என்ன கூலி என்று கேட்டுக்கொண்டே போனால், பக்கத்துப் பெஞ்சில் இருக்கிற பிள்ளை மேல் இருக்கும் கோபம் தானாக இடம் மாறும். மாறாவிட்டாலும் பரவாயில்லை, கேள்வியாவது சரியாகும்.

வங்கதேசம் என்றதும் ராணா பிளாசாவைச் சொல்லாமல் விடாதீர்கள். 2013 ஏப்ரல் 24, டாக்கா பக்கத்தில் சாவரில் தையல் கம்பெனிகள் இருந்த அந்தக் கட்டிடம் இடிந்து விழுந்தது. முதல் நாளே சுவரில் விரிசல். கீழே இருந்த கடைகளையும் வங்கியையும் மூடிவிட்டார்கள், மேலே தைக்கிறவர்களை மட்டும் மறுநாள் வேலைக்கு வரச் சொன்னார்கள். 1100 பேருக்கு மேல் செத்துப்போனார்கள், பெரும்பாலும் பெண்கள். ஷிப்மெண்ட் தேதி நெருங்குகிறது என்றால் லைனில் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும், அதனால் அந்தச் செய்தியை என்னால் வேறு நாட்டுச் செய்தியாகப் படிக்க முடியவில்லை. படங்கள் வேண்டாம், நடந்ததைச் சொன்னாலே போதும்.

வடகடல்:

வணக்கம். நான் இலங்கை, வட மாகாணத்தில் கரையோரப் பாடசாலை ஒன்றில் படிப்பிக்கிறேன். அரிசியும் பனியனும் வாசித்துக்கொண்டு வந்தேன், எங்கள் பக்கத்தில் இருந்தும் ஒரு விடயம் சொல்லலாம் என்று நினைத்தேன்.

எங்கள் பிள்ளைகளுக்குச் சர்வதேச நாணய நிதியம் என்றால் என்ன என்று விளக்கத் தேவையே இல்லை. மின்கட்டணப் பட்டியலைக் காட்டினால் போதும். 2022 ஏப்ரலில் அரசாங்கம் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அறிவித்தது, 2023 மார்ச்சில் நாணய நிதியம் சுமார் 300 கோடி டொலர் தர ஒத்துக்கொண்டது, அதற்கு ஒரு மாதம் முன்னர் மின்கட்டணம் 66 சதவீதம் ஏறியது. இந்த மூன்றையும் கரும்பலகையில் எழுதிவிட்டு, இவற்றுக்குள் என்ன தொடர்பு என்று கேட்பேன். உங்கள் பாடத்தில் 1991 வரும் அல்லவா, இந்தியாவும் அந்த வருடம் 47 தொன் தங்கத்தை வெளிநாட்டு வங்கிகளிடம் ஈடு வைத்துத்தான் தப்பியது. வீட்டு நகையை அடகுக்கடையில் பார்த்த பிள்ளைகளுக்கு அதற்கு மேல் விளக்கம் எதற்கு.

ஆனால் நான் சொல்ல வந்தது மீன்பிடி. இதை வகுப்பில் எடுப்பதுதான் எனக்குக் கடினம், அதனால்தான் விடாமல் எடுக்கிறேன். தமிழ்நாட்டுப் பிள்ளைகளுக்கு ‘மீனவர் பிரச்சினை’ என்றால் ஒரு பக்கம் மீனவர், மறுபக்கம் கடற்படை. எங்கள் மீனவர் என்று ஒருவர் இருப்பதே பலருக்குத் தெரியாது. போர்க்காலத்தில் கடலுக்கே போக விடாமல் இருந்தவர்கள், 2009க்குப் பிறகு வலையைத் தூக்கிக்கொண்டு போனால், இராமேசுவரம் பக்கத்து இழுவைப்படகுகள் அந்த வலையை அறுத்துக்கொண்டு போகின்றன. திங்கள், புதன், சனி என்று அவை வருகிற நாட்களை எங்கள் பிள்ளைகள் மனப்பாடமாகச் சொல்லுவார்கள், அந்த இரவுகளில் அப்பா கடலுக்குப் போகமாட்டார். இழுவைமடி கடலடியையே வாரிக்கொண்டு போகிற முறை. எங்கள் நாட்டில் 2017ல் சட்டம் போட்டுத் தடை செய்தார்கள். அதில் எங்கள் பக்கத்து இழுவைப்படகுக்காரரும் தொழில் இழந்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும்.

நான் செய்வது இதுதான். 1974 ஒப்பந்தம் என்ன செய்தது, 1976ல் என்ன சேர்ந்தது என்று முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுவேன். 1974ல் எல்லைக்கோடு, கச்சதீவு எங்கள் பக்கம். 1976ல் ஒருவர் கடலில் மற்றவர் மீன்பிடிக்கக் கூடாது என்றது. பிறகு பிள்ளைகளிடம் இராமேசுவரத்து விசைப்படகில் கூலிக்குப் போகிற ஒருவராக இருந்து ஒரு பக்கம் எழுதச் சொல்வேன். படகு அவருடையது இல்லை, கடன் முதலாளிக்கு, தங்கள் பக்கம் மீன் இல்லை, பிடிபட்டால் சிறை. முதலில் மறுப்பார்கள். ஒரு பிள்ளை “அவை எங்கட வலையை அறுக்கினம், நான் ஏன் சேர் அவைக்காக எழுதோணும்” என்று பேனையை வைத்துவிட்டான். அவனைக் கட்டாயப்படுத்தவில்லை. அவன் அப்பாவின் வலை போனது உண்மை.

உங்கள் மாணவர்கள் கடலோரத்தவர்கள் இல்லை என்பதால் உங்களுக்கு இது சுலபமாக இருக்கும். உங்கள் பிள்ளைகள் எங்கள் பக்கத்து மீனவராக இருந்து எழுதலாம். எழுதினால் எனக்கு அனுப்புங்கள், என் வகுப்பில் வாசிக்கக் கொடுக்கிறேன். எதிர்ப்பக்கத்தை யாரோ எழுதி வாசிப்பதை விட, அந்தப் பக்கத்துப் பிள்ளை எழுதியதை வாசிப்பது வேறு.

இரண்டு பிள்ளைகளின் அப்பா:

இலங்கைப் பக்கம் நம்ம ஆட்களே இப்படி அடிபடுறாங்கன்னு இன்னைக்குத்தான் தெரிஞ்சுக்கிட்டேன். டிவியில் ஒரு தடவைகூட இதைச் சொல்லிப் பார்க்கலை. என் பெண்ணிடம் காட்டினேன், படித்துவிட்டு “இது எங்க புக்ல இல்லையே” என்றாள். நான் மேலே எழுதினதையே எனக்குத் திருப்பிச் சொல்றாள்.

பழைய சாக்பீஸ்:

வடகடல் ஐயா சொன்ன கடிதப் பரிமாற்றத்தைச் செய்யுங்கள் டீச்சர், ஆனால் தலைமையாசிரியரிடம் எழுத்தில் ஒரு அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள். கச்சத்தீவு என்ற சொல் தேர்தல் சமயத்தில் வெடிகுண்டு மாதிரி. பிள்ளைகள் பெயர், ஊர், படம் எதுவும் போகக் கூடாது. கடிதத்தில் ‘பத்தாம் வகுப்பு மாணவி’ என்று இருந்தால் போதும்.

ஐந்து பாடவேளையில் எல்லாவற்றையும் திணிக்கவும் வேண்டாம். டி-ஷர்ட் கணக்கு ரெண்டு பாடவேளை பிடிக்கும். நொய்யலை அதற்குள்ளேயே சேர்த்துவிடலாம். அரிசி ஒரு பாடவேளை. பருத்தி வழக்கை உலக வர்த்தக அமைப்புப் பகுதி நடத்தும்போது பதினைந்து நிமிடத்தில் சொல்லிவிடலாம். மீன்பிடியை இந்தப் பாடத்தில் வைக்காமல், குடிமையியலில் அண்டை நாடுகளோடு உறவு வருகிற பாடத்துக்குத் தள்ளி வையுங்கள், அங்கே அது இயல்பாக உட்காரும்.

பல்லடம் ரோடு டீச்சர்:

சரிங்க ஐயா, அப்படியே செய்கிறேன். வடகடல் சார், உங்களுக்குத் தனியாக எழுதுகிறேன். கடிதங்கள் பொங்கலுக்கு முன்னால் வராது, அரையாண்டுத் தேர்வு இருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஓவர்லாக், ஒரு உதவி வேண்டும். பையர் பெயர், கம்பெனி பெயர் எல்லாம் மறைத்துவிட்டு உண்மையான காஸ்டிங் ஷீட் ஒன்று கிடைக்குமா? பழையதாக இருந்தாலும் போதும். அப்புறம், முடிந்தால் நீங்களே ஒரு நாள் வகுப்புக்கு வந்து பேச முடியுமா? சனிக்கிழமை ஸ்பெஷல் கிளாஸ் இருக்கிறது, அன்றைக்கு வசதிப்படுமா?

ஓவர்லாக்:

ஷீட் தருகிறேன், நாலு வருடத்துக்கு முந்தின ஸ்டைல் ஒன்று இருக்கிறது, இப்போது ஓடாத ஆர்டர். விலை எல்லாவற்றையும் கொஞ்சம் மாற்றிவிட்டுத் தருகிறேன், விகிதம் சரியாக இருக்கும். வருகிறேன், ஆனால் சனிக்கிழமை வேண்டாம் டீச்சர், சம்பள நாள், கம்பெனியை விட்டு ஒரு எட்டுக்கூட நகர விட மாட்டார்கள். புதன்கிழமை மதியம் என்றால் ஷிப்மெண்ட் எதுவும் இல்லாத வாரமாகப் பார்த்துச் சொல்கிறேன்.